இரும்பனின் வலக்கை

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மஹ்மூதா டீச்சரின் மொழிபெயர்ப்பு அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்பது கொஞ்சம் பெரிய சொல். ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, சுவரில் காலாவதியான குவைத் கலண்டர். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளிலிருந்து அரபியில் வந்த கடதாசிகளைக் கொண்டு வருவார்கள். வேலை ஒப்பந்தம், ஆஸ்பத்திரித் துண்டு, வேலை வாங்கும் வீட்டுக்காரரின் கடிதம். டீச்சர் பன்னிரண்டு வருடம் குவைத்தில் வேலை செய்தவர். வாசித்துத் தமிழில் எழுதிக் கொடுப்பார். இரண்டாவது கதிரையில் இருந்த பெண் கலியாணம் முடித்துக் கற்பிட்டிக்குப் போனதிலிருந்து அந்தக் கதிரை சும்மா கிடந்தது. தன்னுடைய மாலை அரபி வகுப்பின் கடைசிச் சோதனையில் யார் நன்றாகச் செய்கிறார்களோ அவருக்கே அது என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

வகுப்பில் நாங்கள் பதினான்கு பெண்கள். கதிரை வேண்டும் என்று வாய் திறந்து சொன்னவள் றிஸ்மினா. சொல்லாமல் இரவும் பகலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

என் பெயர் ஸுஹைரா. அப்போது, 2013இல், எனக்கு இருபத்தொரு வயது. பகலில் உப்புப் பொதி செய்கிற இடத்தில் நிறை பார்க்கும் வேலை. நானூறு கிராம் பைக்கற்றில் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவேன். வேறு எந்த விஷயத்திலும் எனக்கு இவ்வளவு நிச்சயம் இருந்ததில்லை. தையல் வகுப்புக்குப் போய்க் சட்டைக் கை வெட்டும் வாரத்தில் நின்றேன். கம்பியூட்டர் வகுப்பில் விசைப்பலகையோடு நின்றேன். ஆங்கில வகுப்பு இறந்தகாலம் வரை போனது. எங்கள் வீட்டில் "ஸுஹைரா மாதிரி" என்றால் பாதியில் விடுவது என்று அர்த்தம்.

நாட்குறிப்பு எழுதுவதை மட்டும் நான் விட்டதில்லை. பக்கத்தின் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் அன்று நடந்ததையும் வலப்பக்கம் அதில் நான் விட்ட பிழையையும் எழுதுவேன். வலப்பக்கம்தான் முதலில் நிரம்பும். சில நாட்களில் அதற்கு மேலதிகத் தாள் ஒட்டியிருக்கிறேன்.

சோதனையைப் பற்றி டீச்சர் சொன்னது இவ்வளவுதான்:

"எல்லார்ட ஊட்டுலயும் அரபி எழுதின சாமான் ஒண்டாவது கெடக்கும். தைலப் பெட்டி, மருந்துக் கடதாசி, என்னவாலும். அதக் கொண்டு வாங்க. நான் ஒரு பக்கத்தத் தொறந்து தருவன். சத்தமா வாசிச்சு, வசனம் வசனமாக் கருத்துச் சொல்லணும். குர்ஆனும் துஆக் கிதாபும் வேணாம். அதுக்குக் கருத்துச் சொல்ல நான் ஆளில்ல."

றிஸ்மினா தன் வாப்பாவின் வயிற்றெரிவு மருந்துக் கடதாசியைக் கொண்டு வருவதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் அதைவிட நல்ல சாமான் இருந்தது. எங்கள் அலுமாரிக்கு மேல், பழைய குர்ஆன் தாள்களோடு சீலையில் சுற்றிய ஒரு சின்னப் புத்தகம். ஒரு டீவி கேமின் செய்முறைப் புத்தகம்.

அது அங்கே போனது இப்படி. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது மாமா ஜித்தாவிலிருந்து ஒரு டீவி கேம் பெட்டி கொண்டு வந்தார். அதில் ஒரே ஒரு கசெட். அதற்குள் ஒரே ஒரு விளையாட்டு. ஒரு நீல நிற ரோபோ வலது பக்கமாக நடந்து போய், எதிரே வருகிறதையெல்லாம் சுடும். அதற்கு நாங்கள் இரும்பன் என்று பெயர் வைத்தோம். பெட்டியோடு வந்த புத்தகம் முழுவதும் அரபி. வீட்டில் யாருக்கும் அரபி விளங்காது. ஆனால் நானும், நானா என்று நான் கூப்பிடும் அண்ணனும் குர்ஆன் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள். விளங்காவிட்டாலும் வாசிப்போம். நான் முதல் பக்கத்தை ராகத்தோடு வாசித்துக் காட்டினேன். உம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டுத் தலைக்கு முக்காடு இழுத்துக்கொண்டார். நடுவில் 'நார்' என்ற சொல் வந்ததும், "நரகத்து நெருப்பச் சொல்லுது. இத நெலத்துல போடக் கூடா" என்று வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். இந்த வகுப்புக்குப் போன பிறகுதான் அந்த வசனத்தின் கருத்து எனக்குத் தெரிய வந்தது. பெட்டியை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

ஆகவே விளையாட்டின் விதிகள் மேலே மரியாதையாக இருந்தன. கீழே பாயில் நாங்கள் நான்கு வருடம் விதிகள் இல்லாமல் விளையாடினோம்.

சோதனைக்கு ஆறு நாள் இருந்தது. புத்தகத்தில் ஆறு பக்கம். நாளுக்கு ஒரு பக்கம் என்று அட்டவணை போட்டு நாட்குறிப்பில் ஒட்டினேன். அட்டவணை போடும்போது மனதுக்கு வருகிற திருப்தி, வேலையைச் செய்தால்கூட எனக்கு வராது.

முதல் நாள் முதல் பக்கம் முடிந்தது. நெருப்பு, தண்ணீர், வெயில் எல்லாவற்றிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும். இரண்டாம் நாள் இரண்டாம் பக்கத்தில், விளையாடும்போது கையில் பிடிக்கிற ரிமோட்டின் படம் இருந்தது. நடுவிலிருந்த பொத்தானுக்கு அம்புக்குறி போட்டு, 'ஈகாஃப் முஅக்கத்' என்று எழுதியிருந்தது. அகராதியைப் பார்த்தேன். நிறுத்தம். தற்காலிகமான. மறுபடியும் பார்த்தேன். அதேதான்.

அந்த நடுப் பொத்தானை நாங்கள் முதல் நாளே அமத்தியிருந்தோம். இரும்பன் அப்படியே நின்றுவிட்டான். பாட்டும் நின்றுவிட்டது. நானா பயந்து கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, "இத அமத்தினா சாமான் பழுதாகும்" என்று தீர்ப்புச் சொன்னார். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை எடுத்து அந்தப் பொத்தானின் மேல் ஒட்டினார். அதன் பிறகு எங்களுக்கு வந்த பெரிய கஷ்டம் பின்னேரத்து அஸர் தொழுகை. பாங்கு சொன்னவுடன் உம்மா வந்து டீவியை அணைத்துவிடுவார். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் இரும்பன் செத்துக் கிடப்பான். கடைசியில் நானா முதல் கட்டத்தில், ஒரு புகைபோக்கிக்குப் பின்னால், யாரும் வராத ஒரு மேடையைக் கண்டுபிடித்தார். நாங்கள் அதற்குத் தொழுகை மேடை என்று பெயர் வைத்தோம். அஸர் நெருங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் அந்த மேடைக்குத் திரும்பி ஓடுவோம். நான்கு வருடம் ஓடினோம்.

அன்று நானா ஓட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நௌஃபர் என்று பெயர். கரைத்தீவுக்கும் புத்தளத்துக்கும் இடையில் ஓட்டோ ஓட்டுகிறார். எந்த விஷயத்திலும் அவருக்கு ஒரு முடிவு ஏற்கெனவே தயாராக இருக்கும்.

"நானா, அந்த நடுப் பொத்தான் பழுதில்ல."

"ஆரு சொன்ன?"

"புத்தகம்."

"புத்தகம் ஜித்தாவுல வந்த. பொத்தான் பழுதானது இங்க."

பெட்டியை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்தோம். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகிவிட்டது. நானா ஏதோ வயர் தேடிப் பொருத்தினார். முதலில் கோடுகள் வந்தன, பிறகு இரும்பன் வந்தான். நான் நகத்தால் பிளாஸ்டரை உரித்தேன். அது பாதி உரிந்து பாதி கறுப்புப் பசையாக ஒட்டிக்கொண்டது. இரும்பன் பள்ளத்தைத் தாண்டிப் பாயும்போது பொத்தானை அமத்தினேன். ஆகாயத்தில் அப்படியே நின்றான். மறுபடி அமத்தினேன். மிச்சப் பாய்ச்சலை முடித்துத் தரையில் இறங்கினான்.

நானா ரிமோட்டை வாங்கித் தானும் ஐந்து தடவை செய்து பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்தார். அதில் தேத்தண்ணி இருக்கவில்லை.

"அப்ப நாம அஸருக்கு மேடைக்கி ஓடினது?"

"தேவயில்ல."

"நான் சுஜூதுல நெத்திய நெலத்துல வச்சிக் கெடக்கக்குள்ளயும் அந்த மேடையத்தான் நெனச்சிக்கிட்டுக் கெடந்த."

"அதுக்குப் புத்தகம் பொறுப்பில்ல நானா."

அவர் வெறும் கோப்பையைத் தரையில் வைத்தார். பிறகு, "இனி அதத் தொறக்காத" என்றார். "மிச்சம் என்ன இரிக்கிண்டு நமக்குத் தெரியும். நாலு வருஷம் வெளயாடின நாம. ஜித்தாக்காரன் நமக்குச் சொல்லித் தரத் தேவயில்ல."

நான் உடனே ஒத்துக்கொண்டேன். அவ்வளவு சீக்கிரமாக நான் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. காரணம், மூன்றாம் பக்கத்தில் எழுத்து சின்னதாக இருந்தது.

எப்படியும் சோதனைக்கு விளையாட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே விளையாடுவதும் படிப்புத்தான் என்று எனக்கு நானே சொன்னேன். நாட்குறிப்பின் இடப்பக்கம் 'ஆராய்ச்சி' என்று எழுதினேன். நான்கு நாள் ஆராய்ச்சி செய்தோம்.

என் மனதில் இரும்பன் டீவியின் பாதி உயரம் இருந்தான். உண்மையில் அவன் என் கட்டைவிரல் அளவு. நடப்பதற்கு அவனிடம் இருப்பது இரண்டே படங்கள்: கால் முன்னால், கால் பின்னால். வானம் ஒரே நீலம், மேகம் ஒரே மேகம், அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டு ஒரு சின்னத் துண்டு. முடிந்தவுடன் வெட்கப்படாமல் மறுபடி தொடங்குகிறது. இதைத்தான் நாங்கள் உலகத்தின் மிகப் பெரிய காட்சி என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தோமா என்று யோசித்தேன். பிறகு இரும்பன் புகைபோக்கியிலிருந்து கீழே விழுந்தான். அவனைக் காப்பாற்ற என் உடம்பு தானாகவே வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததால் எந்தப் பிரயோசனமும் இல்லை என்று அன்றும் தெரியும், இன்றும் தெரியும்.

பாய்வதில் அவனுக்கு நனைந்த உப்புச் சாக்கின் பாரம். அடி பட்டால் ஒரு அடி பின்னால் எகிறுவான். சரியாக அந்த ஒரு அடிக்குப் பின்னால்தான் பள்ளம் இருக்கும். எதிரிகள் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்கு முழுவதும் நினைவிருந்தது. இருந்தும் முதல் கட்டத்திலேயே எட்டுத் தடவை செத்தேன். நினைவு வேறு, விரல் வேறு.

உம்மா கதவடியில் நின்று பார்த்தார்.

"சோதனைக்குப் படிக்கிறம் உம்மா."

"ஓம், தெரியிது. வெரல் நல்லாப் படிக்கிது."

எங்களுக்கு எப்போதும் மூன்றாம் கட்டம்தான் தடை. அது ஒரு பாலத்தில் தொடங்கும். பாலம் வெடிக்கும். அதன் பிறகு இரும்பனுக்கு வலக்கை இருக்காது. அது கசெட்டின் பழுது என்பது நானாவின் முடிவு. அதற்காகச் சின்ன வயதில் கசெட்டின் வாயை ஓடிகொலோன் வாசனைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்திருக்கிறார். உம்மாவின் ஓடிகொலோன் தீர்ந்ததே தவிர கை வரவில்லை. கொஞ்ச தூரம் போனால் பின்னாலிருந்து ஒரு சின்ன மஞ்சள் ரோபோ கையில் ஒரு தடியோடு ஓடி வரும். அதற்கு மஞ்சள் கள்ளன் என்று பெயர் வைத்திருந்தோம். பின்னாலிருந்து தடியோடு ஓடி வருகிறவன் வேறு யாராக இருக்க முடியும்? நானா திரும்பி ஒரே சூட்டில் விழுத்திவிடுவார். டொய்ங் என்று இறங்கிப் போகிற ஒரு சத்தம் வரும். அதை நாங்கள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம். கட்டத்தின் கடைசியில் ஒரு பாரந்தூக்கி ரோபோ. இரும்பனின் இடக்கைச் சூடு அதன் இடுப்புக்கு மேலே போகாது. நாங்கள் அங்கே செத்துப் போவோம்.

நான்கு நாளும் அங்கேயே செத்தோம்.

"கை நடுங்குது ஒனக்கு" என்றார் நானா.

"ரிமோட் ஒங்கட கையிலதான் இரிக்கி."

"நீ பக்கத்துல இருந்து நடுங்கிற."

சோதனைக்கு முதல் நாள்தான் மிச்ச நான்கு பக்கங்களின் நினைவு வந்தது. படங்களைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தைத் தவிர எல்லாம் எனக்குத் தெரிந்த ஆட்கள். ஒவ்வொரு பக்கத்திலும் என்ன எழுதியிருக்கும் என்று நல்ல தமிழில் எழுதினேன். பிறகு அரபி வசனங்களோடு அதைப் பொருத்தினேன். நீளமான வசனத்துக்கு நீளமான கருத்து, குட்டையான வசனத்துக்குக் குட்டையான கருத்து. எல்லாம் கச்சிதமாக அமைந்தது. அன்று என் நாட்குறிப்பின் வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சோதனை டீச்சரின் வீட்டு முன்னறையில், அஸருக்குப் பிறகு. றிஸ்மினாவைத்தான் முதலில் கூப்பிட்டார். அவள் மருந்துக் கடதாசியை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, கல்லுப் பொறுக்குகிற மாதிரி வாசித்தாள். "சாப்பாட்டுக்கு முந்தி. ஒரு நாளைக்கி ரெண்டு தரம். இந்தச் சொல் தெரியாது டீச்சர். சிறு பிள்ளைகளுக்கு எட்டாம வைக்கணும். இதுவும் தெரியாது டீச்சர்." மூன்று தடவை தெரியாது என்றாள். நான் மனதுக்குள் எண்ணினேன். அவளுக்காக உண்மையில் பரிதாபப்பட்டேன்.

என் முறை வந்தது. புத்தகத்தைக் கொடுக்கும் முன்பு விளையாட்டைப் பற்றி ஒரு அறிமுகம் சொல்லலாமா என்று கேட்டேன். அறிமுகம் வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. இரும்பனைப் பற்றிச் சொன்னேன், கை இல்லாத கசெட்டைப் பற்றிச் சொன்னேன், மஞ்சள் கள்ளனைப் பற்றி நடித்தே காட்டினேன். வகுப்பு சிரித்தது. நிறைத்தட்டில் முள் நானூற்றில் சரியாக நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

டீச்சர் ஐந்தாம் பக்கத்தைத் திறந்து தந்தார். மஞ்சள் கள்ளனின் படம். அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன்.

"லா துத்லிகின் நார அலா ரஃபீகிகல் அஸ்ஃபர்."

குர்ஆன் பள்ளிப் பழக்கத்தில் ராகம் வந்துவிட்டது. முன்வரிசையில் ஒருத்தி தலைச்சீலையைச் சரிசெய்தாள்.

"கருத்து?"

"மஞ்சள் கள்ளனைக் கண்டவுடன் சுட வேண்டும்."

டீச்சர் தலையை நிமிர்த்தவில்லை. "மொதல் சொல் என்ன?"

"லா."

"லா எண்டா?"

எங்கள் நம்பிக்கையைச் சொல்லும் கலிமாவின் முதல் சொல். எங்களில் யாரும் அதைக் கற்றுக்கொண்ட நாளை நினைவு வைத்திருக்க முடியாது. தன் பெயரைச் சொல்லத் தெரிவதற்கு முன்பே வருகிற சொல். அறையில் மற்றப் பதின்மூன்று பேருக்கும் அது தெரியும். அடுப்படியில் இருந்த டீச்சரின் உம்மாவுக்கும் தெரியும்.

"இல்ல... வேணாம்."

"அப்ப சுடணுமா?"

"சுட வேணாம்."

"ஆர?"

'ரஃபீக்' எனக்குத் தெரிந்த சொல். இரண்டாவது வாரமே படித்தது. "கூட்டாளிய. ஒங்கட மஞ்சள் கூட்டாளிய."

"கள்ளன் எங்க?"

"கள்ளன் இதுல இல்ல டீச்சர்."

பின்னாலிருந்து றிஸ்மினாவின் குரல் வந்தது. "கள்ளன் ஆருண்டு இப்ப வெளங்கிச்சு." என் நடிப்புக்குச் சிரித்ததைவிடப் பெரிதாக வகுப்பு சிரித்தது.

"அடுத்த வசனம்" என்றார் டீச்சர்.

"யஹ்மிலு திராஅக்க." யஹ்மிலு என்றால் சுமக்கிறான். திராஃ தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கு வாய் திறந்தேன். கண் படத்துக்குப் போனது. "அவன் ஒங்கட தடியச் சுமந்து வாறான்."

"திராஃ எண்டா தடியா?"

"படத்துல தடி மாதிரி இரிக்கி டீச்சர்."

"படத்த மொழிபெயர்க்கச் சொல்லி ஆரும் கேக்கல்ல." டீச்சர் தன் அபாயாவின் கையை முழங்கை வரை தள்ளி, முன்கையில் இரண்டு தரம் தட்டிக் காட்டினார். "இது."

நான் அந்தக் கையைப் பார்த்தேன். பிறகு படத்தைப் பார்த்தேன். தடியின் ஒரு முனையில் ஐந்து விரல்கள் இருந்தன. நீல நிறத்தில்.

அவன் எங்கள் கையைத்தான் கொண்டு வந்தான். பாலத்தில் விழுந்ததை எடுத்துக்கொண்டு, குட்டைக் கால்களோடு, எங்களைப் பிடிக்க ஓடி வந்தான். நாங்கள் திரும்பி நின்று சுட்டோம். குறைத்துக் கணக்குப் பார்த்தாலும் நான்கு வருடத்தில் இரண்டாயிரம் தடவை இருக்கும். சுட்டுவிட்டுப் பாராட்டு வருகிறது என்று சந்தோஷப்பட்டோம். பிறகு கை இல்லாமல் போய்ப் பாரந்தூக்கியிடம் செத்தோம். செத்துவிட்டுக் கசெட்டைக் குற்றம் சொன்னோம்.

மிச்சத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஏழு தடவை தெரியாது என்றேன். ஆனால் அது நேரம் கடந்த பிறகு சொன்னது.

முடிவை டீச்சர் எல்லாருக்கும் முன்னாலேயே சொன்னார். "ஸுஹைராட வாசிப்பு நல்லம். சத்தம் நல்லம். ஆனா கடதாசியப் பாக்க முந்தியே அவக்குக் கருத்துத் தெரிஞ்சிருது. ஒருத்திட சம்பளத் தாளுல ஒரு 'லா'வ விட்டா அவ எங்க போய் நிக்கிற? கதிர றிஸ்மினாக்கு. சேர்ட்டிபிக்கட் எல்லாருக்கும் உண்டு."

 நிறைத்தட்டில் என்னை வைத்துப் பார்த்திருந்தால் நானும் என்னைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

நானா ஓட்டோவோடு ஒழுங்கை முனையில் நின்றார். ஏறினேன். உப்பு வயல் பக்கம் வந்ததும் கேட்டார்.

"கதிர?"

"றிஸ்மினாக்கு."

"ஏன், ராகம் சரிவரல்லயா?"

"மஞ்சள் கள்ளன் கள்ளனில்ல நானா. அவன்ட கையில இருந்தது தடியில்ல. இரும்பன்ட வலக்கை."

ஓட்டோ மெதுவாகி ஓரத்தில் நின்றது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது. நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எத்தின தரம் சுட்டிருப்பம்?"

"ரெண்டாயிரம்."

"நீ சுட்டதையும் சேத்தா?"

"நான் சுட்டது முப்பது இரிக்கும். நீங்க ரிமோட்ட எனக்குத் தந்தது எப்பவும் செத்ததுக்குப் பொறகுதான்."

அன்று பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்கு முன்பு விளையாடினோம். மஞ்சள் ரோபோ ஓடி வந்தது. நானாவின் விரல் தானாகவே சுட்டது. "நானில்ல, வெரல்" என்றார். இரண்டாம் தரமும் விரல் சுட்டது. மூன்றாம் தரம் பாலம் வெடித்ததும் ரிமோட்டைப் பாயில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அது வந்தது. இரும்பனின் பக்கத்தில் நின்றது. ஒரு சின்னப் பாட்டு. இரும்பனுக்குக் கை வந்துவிட்டது. பாரந்தூக்கி அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

நாலாம் கட்டம் திறந்தது. தண்ணீருக்குள், ஆறாம் பக்கத்துப் படத்தில் இருப்பது போல. நடுவில் ஒரு நீல வளையம். எங்களுக்கு அங்கே யாரையும் தெரியவில்லை. மூன்று செக்கனில் செத்தோம்.

"ஆறாம் பக்கத்த வாசி" என்றார் நானா. ஐந்து நாளைக்கு முன்பு புத்தகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொன்ன அதே ஆள்.

"நான் வாசிச்சா சரிவராது."

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் அலுவலகத்துக்குப் போனேன். மொழிபெயர்ப்பு வேண்டும் என்பது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்தக் கதிரையில் ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். இதை வலப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

றிஸ்மினா இருந்தாள். முதுகு கதிரையில் படாமல் இருந்தாள். "என்ன கடதாசி?" என்று, என்னை முதல் தடவை காண்கிற மாதிரிக் கேட்டாள்.

"வெளயாட்டுப் புத்தகம். ஆறாம் பக்கம்."

"கூட்டாளியா, கள்ளனா?"

"அதத் தெரிஞ்சிக்கத்தான் வந்த."

அவள் சிரிக்கவில்லை. வெள்ளைத் தாள் எடுத்துத் திகதி போட்டாள். ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எழுதினாள். நான்காவது சொல்லில் நின்று அடிக்கோடு போட்டாள். எனக்கு அந்தச் சொல் தெரியும். அல்லது தெரிந்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேசையின் மறுபக்கத்திலிருந்தே அகராதியை இழுத்துப் புரட்டினேன். நான் நினைத்தது இல்லை, வேறொன்று. விரலை வைத்துக் காட்டினேன். அவள் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். எழுதினாள்.

இரண்டு வசனம் முடியும்போது, ஆஸ்பத்திரித் துண்டோடு ஒரு உம்மா வந்து நின்றார். றிஸ்மினா என் தாளைப் பக்கத்தில் வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவக்கு அவசரம்."

தள்ளி நின்றேன். பிறகு வெளியே வந்தேன். நானா ஓட்டோவில் இருந்தபடி கையை ஆட்டினார்.

"என்னவாம்?"

"பாதிதான் முடிஞ்சது."

"மிச்சத்தப் படத்தப் பாத்துச் சொல்லேன். அந்த நீல வளயம் என்ன? அதத் தொடணுமா, சுடணுமா?"

எனக்கு மூன்று நல்ல பதில்கள் வந்தன. மூன்றும் கச்சிதமாக இருந்தன.

"தெரியாது நானா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அந்த உம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன்.